மலை ஏறாத நாள்: சித்தூர், திருப்பதி சந்தைகளில்

திருப்பதிக்குப் போகிற தமிழர்களில் பெரும்பாலோருக்குத் திருப்பதி என்றால் மலை மட்டும்தான். அலிபிரி தாண்டி மேலே போகிறோம், வரிசையில் நின்று பெருமாளைச் சேவிக்கிறோம், லட்டுப் பையோடு இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறோம். அடிவாரத்து ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை. சித்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காட்பாடியிலிருந்து போகும்போது ஜன்னலில் வந்துபோகிற ஒரு ஸ்டேஷன் பெயர், அவ்வளவுதான்.

2025 ஜூன் கடைசியில் தோழிகளோடு வேலூரிலிருந்து புறப்பட்டபோது எங்களுக்குத் தரிசன டிக்கெட் மறுநாள் காலைக்குத்தான் கிடைத்திருந்தது. முந்தைய நாளைச் சந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒருத்தி குடியாத்தத்தில் வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்கிறவள். ஒருத்தி வங்கியில் விவசாயக் கடன்களைப் பார்த்து ஓய்வு பெற்றவள். இன்னொருத்தி வீட்டில் பாட்டி காலத்திலிருந்து கொலு வைக்கிறார்கள். பொருள் வாங்குவதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் எங்கள் எல்லோருக்குமே ஆசை அதிகம்.

காட்பாடியிலிருந்து சித்தூர் முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். வழியில் பெயர்ப்பலகைகளின் எழுத்து மாறுகிறது. கடைக்காரர்களின் பேச்சு மாறுவதில்லை. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்கே சித்தூர்தான் தலைநகரம். அந்த ஆண்டு ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்த பிறகுதான் வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டக்காரர்களும் விடாமல் போராடியதன் பலனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மிடம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. அரசியல் அங்கே முடிந்துவிட்டது. வியாபாரம் மட்டும் எந்த எல்லைக் கோட்டையும் ஒப்புக்கொள்ளாமல் இன்றும் இரண்டு பக்கமும் நடக்கிறது.

அதைச் சித்தூர் வெல்ல மண்டியில் பார்க்கலாம். கரும்பு ஆட்டும் பருவம் முடிந்து வரத்து குறைந்திருந்தது. ஆனாலும் மண்டிக்குள் நுழைந்ததும் பாகு வாசனை தொண்டை வரை இறங்கியது. ஒரு பக்கம் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லம், மறுபக்கம் கறுத்த வெல்லம். மஞ்சள்தான் சுத்தமானது என்று தோழி ஒருத்தி கை நீட்டியபோது, மண்டிக்காரப் பெரியவர் தமிழிலேயே தடுத்தார்.

“அது வேணாம்மா. கலருக்காக ஹைட்ரோஸ் போட்டிருப்பாங்க. இந்தக் கறுப்பை எடுத்துக்கங்க. பார்க்க நல்லா இருக்காது, பாயசத்துல போட்டா தெரியும்.”

ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். பாகின் நிறத்தை வெளுக்க வைக்கிற ரசாயனம். அந்தக் காலத்தில் வெண்டைச் செடியின் தண்டை நசுக்கிப் போட்டு, அந்தக் கொழகொழப்பில் அழுக்கைத் திரட்டி எடுத்தார்கள். இன்றைக்கு வாங்குகிறவர் கண்ணுக்கு மஞ்சள் வேண்டும், அதனால் காய்ச்சுகிறவர் போடுகிறார். குற்றத்தை விவசாயி தலையில் மட்டும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லம் தேடுகிறவர்கள் நாம்தான். “உங்க ஊருக்குத்தான் நெறைய லோடு போகுது” என்றார் பெரியவர். சித்தூரிலும் ரேணிகுண்டா பக்கத்திலும் இருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் மூடிப்போன பிறகு, கரும்பு வைத்தவர்களுக்கு வெல்லம்தான் பிழைப்பு. தண்ணீர் கீழே போகப் போகக் கரும்பை விட்டு மாமரத்துக்கு மாறியவர்களும் நிறைய. போர்வெல் ஆயிரம் அடி தாண்டுகிற மண்ணில் வேறு என்ன வைப்பது?

அந்த மாமரங்களைத்தான் சாலை நெடுகப் பார்த்தோம். பூதலப்பட்டு தாண்டித் திருப்பதிச் சாலையில் திரும்பினால் இரண்டு பக்கமும் தோப்பு. பாகாலாவையடுத்த தாமலச்செருவு மாங்காய் மண்டிக்குப் பேர்போன ஊர். நாம் பங்கனப்பள்ளி என்பதை இங்கே பேனிஷா என்கிறார்கள். இமாம் பசந்து, மல்கோவா, நீலம் எல்லாம் இறங்கிக் கிடந்தன. ஆனால் மலை மலையாய்க் குவிந்திருந்தது தோத்தாபுரி. நம் ஊரில் கிளிமூக்கு என்போமே, அதுதான். சதை அதிகம், நார் குறைவு. ஆகவே கூழ் ஆலைகளுக்கு இதுதான் தேவை. சித்தூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள ஆலைகள் இதைக் கூழாக்கி, பீப்பாயில் அடைத்து, வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகின்றன. நம் கடைகளில் பாட்டிலில் நிற்கும் மாம்பழப் பானத்தில் பாதிக்கு மேல் இந்தப் பகுதியின் கிளிமூக்காகத்தான் இருக்கும் என்பது என் அனுமானம்.

அந்த ஜூனில் தோத்தாபுரி விலை தரைக்கு வந்திருந்தது. முந்தைய ஆண்டுக் கூழே விற்காமல் தேங்கிக் கிடந்ததால் ஆலைகள் வாங்கத் தயங்கின. விளைச்சலோ அமோகம். ஆலை வாசல்களில் பழத்தோடு டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு விலை அறிவித்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடையும் போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா அதை எதிர்த்து ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கடிதம் எழுதினார். எல்லைக்கு அந்தப் பக்கம் கோலாரிலும் அதே மரம், அதே காய், அதே கடன்.

மண்டி வாசலில் வேப்பமர நிழலில் ஒரு விவசாயி தன் டிராக்டரில் சாய்ந்து நின்றார். வங்கித் தோழி கணக்கைக் கேட்டாள். பறிக்கிற கூலி, ஏற்றுகிற கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் என்று விரல் விட்டுச் சொன்னார். தெலுங்கில் தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். “ஆலைக்காரன் எட்டு ரூபா கொடுத்தா கும்பிடு போடுவேன் மேடம். இப்ப நிக்கிற நிலைமைல கொடுத்ததை வாங்கிட்டுப் போவேன். பழம் நாளைக்கு அழுகிடும், நான் என்ன பண்ண?” தோழி பல வருடங்கள் இதே பயிருக்குக் கடன் எழுதியவள். ஆலையும் விவசாயியும் பருவம் தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, அரசு அறிவிக்கும் விலை அறிவிப்பாகவே நின்றுவிடும் என்று அவள் சொன்னாள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. பேனிஷாவில் ஒரு பெட்டி வாங்கினோம். பேரம் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

வழியில் வந்த சந்திரகிரிக் கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று அது. 1639இல் சென்னைக் கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உள்ளூர் நாயக்கர் நிலம் கொடுத்தபோது, அவருக்கு மேலே இருந்தது இந்தச் சந்திரகிரி அரசுதான். சென்னைக்காரர்கள் ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டிய இடம்.

அங்கிருந்து திருப்பதிக்குப் போகும் வழியில் ஸ்ரீநிவாச மங்காபுரம். கல்யாண வெங்கடேசுவரர் கோயில். கோயிலுக்குப் பின்னால் சேஷாசலக் காடு நீலமாக எழுந்து நிற்கிறது. இந்தக் காட்டைக் கடக்கும்போது எங்கள் வண்டியில் பேச்சு நின்றுபோனது. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தச் சந்திரகிரி வட்டாரக் காட்டில்தான் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர் 20 பேர் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. போலி மோதல் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களின் ஏழை வீடுகளைச் சேர்ந்தவர்கள். பலர் ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பகுதிகளிலிருந்து வேலை தேடிப் போனவர்கள். எங்கள் வேலூரிலிருந்து ஜவ்வாது மலை கண்ணுக்குத் தெரியும் தூரம்.

செம்மரம் உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சித்தூர், கடப்பை, நெல்லூர் பக்கத்துக் காடுகளில்தான் இயற்கையாக வளர்கிறது. சீனாவில் மரச்சாமான், ஜப்பானில் இசைக்கருவி என்று எங்கோ ஒரு பணக்காரக் கூடத்துக்காக வெட்டப்படுகிறது. 1995 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெட்டியவன் நாள் கூலிக்கு உயிரைக் கொடுக்கிறான். லாபம் பார்த்தவனின் பெயர் பத்திரிகையில் வருவது அரிது. இதே மரத்தில்தான் நம் வீட்டு மரப்பாச்சி பிறந்தது.

திருப்பதியில் கோவிந்தராஜர் கோயில் பக்கம் இறங்கியதும் கொலுத் தோழி முதலில் தேடியது அந்த மரப்பாச்சியைத்தான். ராமாநுஜர் கோவிந்தராஜரை இங்கே எழுந்தருளச் செய்தார், அதைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது என்பது வைணவ மரபு. கடைத்தெருவும் அப்படியே கோயிலைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. காந்தி ரோட்டில் பித்தளையும் வெள்ளியும், சந்நிதித் தெருவில் பெருமாள் படம், குங்குமம், மஞ்சள் கயிறு, சிவப்புக் கயிறு. மொட்டை போட்ட தலைகளுக்கான தொப்பிகள் மட்டும் விற்கிற தள்ளுவண்டிகள் இந்தத் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. குழந்தைக்குத் தொப்பி எடுக்கும் ஒவ்வொரு குடும்பத்தோடும் கடைக்காரர் அவரவர் மொழியில் பேசுகிறார். தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி, மராத்தி. பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஒரு மனிதர் ஐந்து மொழியில் விலை சொல்லி, பேரம் பேசி, பிள்ளையின் தலையில் தொப்பியைச் சரி செய்து அனுப்புவதைப் பார்க்க எனக்கு அத்தனை மரியாதை உண்டாயிற்று.

பூக்கடைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருமலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது வழக்கம். மலைக்கு மேலே பெண்கள் தலையில் பூ வைப்பதில்லை. ஆகவே நம் ஊரிலிருந்து வருகிற பெண்கள் ஆசை தீர மல்லிகை வாங்குவது கீழே, திருச்சானூர்த் தாயார் கோயில் வாசலில்தான்.

மரப்பாச்சி கிடைத்தது. ஒரு சாண் உயரத்தில் ராஜாவும் ராணியும். தோழி தூக்கிப் பார்த்தாள், எடை இல்லை. அவள் பாட்டியின் ஜோடி கையில் கனக்கும். கல்லில் தண்ணீர் விட்டு உரசினால் சிவப்பாக இழையும். குழந்தைகளுக்குத் தோலில் ஏதாவது வந்தால் அதைத்தான் பூசுவார்களாம்.

“இது செம்மரமாண்ணா?”

“இல்லக்கா. வேற மரம், கலர் போட்டது. பொய் சொல்லி விக்க மாட்டேன். செம்மரம் பில்லோட வேணும்னா லேபாக்ஷியில கேளுங்க.”

லேபாக்ஷி என்பது ஆந்திர அரசின் கைவினைப் பொருள் விற்பனையகம். அங்கே விலை பல மடங்கு. ஆனால் காட்டிலிருந்து கடைக்கு எந்த வழியில் வந்தது என்று சொல்ல ஒரு காகிதம் இருக்கும். மகளின் கல்யாணத்துக்கு வேண்டும் என்று தோழி பணத்தை எண்ணிக் கொடுத்தாள். ஸ்ரீநிவாச மங்காபுரத்தைக் கடந்து வந்த பிறகு, பில் இல்லாத செம்மரத்தை எங்களில் யாரும் தொட்டிருக்க முடியாது.

குடியாத்தத்துத் தோழியின் நேரம் அதற்குப் பிறகுதான் வந்தது. திருப்பதிக் கடைகள் எல்லாவற்றிலும் கலம்காரி தொங்குகிறது. சேலை, துப்பட்டா, பை, படுக்கை விரிப்பு. இதில் பெரும்பகுதி இயந்திரத்திலோ ஸ்கிரீனிலோ அச்சடித்தது. காளஹஸ்திக் கலம்காரி வேறு. காளஹஸ்தி இங்கிருந்து முப்பத்தாறு கிலோமீட்டர்தான். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. திருப்பதி லட்டுக்கே 2009இல்தான் கிடைத்தது. 1950களில் இந்தக் கலை அணையப் போன நேரத்தில், கமலாதேவி சட்டோபாத்யாயா முன்நின்று அங்கே பயிற்சி நிலையம் அமையச் செய்தார். அங்கே கற்றவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான் இன்று வரைகிறார்கள்.

முறையை அவள் கடையிலேயே உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னாள். கோராத் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, மேலே கம்பளி நூல் சுற்றினால் அதுதான் கலம். கம்பளியை அழுத்தினால் மை இறங்கும். கோடு போடுகிற கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட வேண்டும். காலையில் மண்டியில் பார்த்த வெல்லம் இங்கே ராமனின் புருவமாக மாறுகிறது. பிறகு படிகாரம், மஞ்சிட்டி, அவுரி, மாதுளைத் தோல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலசல், ஒரு வெயில். ஒரு பெரிய துணி முடிய மாதங்கள் ஆகும்.

கையால் வரைந்ததைக் கண்டுபிடிக்க அவள் சொன்ன வழி எளிது. துணியை முகர்ந்து பாருங்கள், புதுத் துணியில் பால் வாடை லேசாக இருக்கும். இரண்டு கண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சில் இரண்டும் ஒன்று, கையில் இரண்டும் வேறு. கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். அந்தத் தடிப்பில்தான் வரைந்தவரின் மூச்சு இருக்கிறது. அச்சடித்ததை அச்சு என்று சொல்லி விற்பதில் தப்பில்லை, ஏழைப் பெண்ணுக்கும் அந்தப் பூ வேலை உடுத்தக் கிடைக்கிறது. அச்சடித்ததைக் கையால் வரைந்தது என்று சொல்லி விற்கும்போது, மாதக்கணக்கில் குனிந்திருந்த ஒரு முதுகின் கூலியை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மாலையில் மால். தெலுங்கு மாநிலங்களில் ஷாப்பிங் மால் என்று பெயர் வைத்த கட்டடங்களில் பல, நம் தி.நகர்ப் பாணியில் மாடி மாடியாக எழுந்த ஜவுளிக்கடைகள்தான். சென்னை ஷாப்பிங் மால் என்ற பெயரிலேயே அங்கே ஒரு பெரிய நிறுவனம் இயங்குகிறது. நாங்கள் போனதும் அப்படி ஒரு கட்டடம். யாத்ரீகர்களை அங்கே அதிகம் காணோம். ஏர்ப்பேடு, பாகாலா, புத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மால்களைக் குறை சொல்லுவது எழுதுகிறவர்களுக்குப் பழகிப்போன வேலை. எனக்கு அங்கே சில நல்லதும் தெரிந்தது. விலை எல்லோருக்கும் ஒன்று. நகையும் நல்ல சேலையும் இல்லாமல் வந்த பெண்ணிடமும் துணியை விரித்துக் காட்டுகிறார்கள். தெருக்கடையில் ஏற இறங்கப் பார்க்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கழிப்பறை சுத்தமாக இருந்தது. நாள் முழுதும் தெருவில் அலைகிற பெண்களுக்கு அது எத்தனை பெரிய வசதி என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் எங்களுக்குச் சேலை காட்டிய பெண் நின்றுகொண்டே இருந்தாள். நகரியிலிருந்து வருகிறவள், வீட்டில் தமிழ் பேசுகிறவள். காலை வந்தால் இரவு வரை நிற்பதுதான் வேலை என்றாள். உட்காரச் சொன்னோம். சிரித்தாள், உட்காரவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. நம் ஊர்க் கடைகளிலேயே அது முழுதாக நடப்புக்கு வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் கேட்டால்தான் வரும்.

அந்தச் சேலைக் குவியலிலும் கலம்காரி இருந்தது. எல்லாக் கண்ணும் ஒரே கண். மேல்மாடியில் மாம்பழச் சாறு விற்றார்கள். ஒரு கோப்பையின் விலைக்குத் தாமலச்செருவில் பத்துக் கிலோ தோத்தாபுரி வாங்கலாம். வங்கித் தோழி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டாள். இடையில் இருக்கிற பணம் கூழாக்கியதற்கும் குளிர வைத்ததற்கும் வாடகைக்கும் போகிறது, அதில் நியாயமான பங்கும் உண்டு. அதில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கீழே இறங்கியிருந்தால், காலையில் பார்த்த மனிதர் அந்த வேப்பமரத்தடியில் அப்படி நின்றிருக்க மாட்டார்.

அடுத்த முறை திருப்பதிக்குப் போகிறவர்கள் தரிசனத்துக்கு முன்போ பின்போ ஒரு நாளை இந்த ஊர்களுக்குக் கொடுங்கள். சித்தூரில் கறுத்த வெல்லம் கேட்டு வாங்குங்கள். ஜூன், ஜூலையில் போனால் மாம்பழத்தைச் சாலையோரத் தோப்புக்காரரிடமே எடுத்துக்கொள்ளுங்கள். செம்மரப் பொம்மை என்றால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். கலம்காரி வேண்டுமானால் கடையில் தேடுவதைவிடக் காளஹஸ்திக்கே போய் வரைகிறவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாங்குங்கள். திருப்பதி பஸ் நிலையத்திலிருந்து காளஹஸ்திக்கு நாள் முழுவதும் வண்டி உண்டு, ஒரு மணி நேரப் பயணம்.